மொசைக் தரை: கல்லைக் கூட்டுங்கள், பசையைக் குறையுங்கள்

மொசைக் தரைக்கு மறுபடியும் ஆள் தேடி வருகிறார்கள். வழவழ டைல்ஸ் வந்த காலத்தில் "இனிமேல் இதெல்லாம் யார் போடுவார்கள்" என்று எங்கள் பாலிஷ் மெஷினை ஓரமாகத் தள்ளியவர்களின் பிள்ளைகள்தான் இன்றைக்கு போனில் படம் அனுப்பி "இந்த மாதிரி வேணும்ணே" என்கிறார்கள். படத்துக்கு அடியில் டெரசோ என்று போட்டிருக்கும். சரி, எந்தப் பெயரில் கேட்டாலும் வேலை ஒன்றுதான். கல்லை உடைத்து, ஒரு பசையில் பிசைந்து, தரையில் அமுக்கி, இறுகியதும் தேய்த்து முகத்தைத் திறப்பது.

மனிதன் செய்த கல் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. மொசைக், டைல் கம்பெனியில் அச்சடிக்கும் மொசைக் டைல், சமையலறையில் போடும் குவார்ட்ஸ் பலகை எல்லாமே உடைத்த கல்லும் பசையும்தான். உறுதி கல்லில் இருக்கிறது. வெடிப்பு, கறை, மங்கல், நிறம் போவது என்று வருகிற தொல்லைகளில் முக்கால்வாசி பசையில் இருக்கிறது. அதனால் இந்த வேலையில் செய்கிற ஒவ்வொரு காரியமும், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் இடத்தைக் குறைத்துப் பசை எவ்வளவு கொஞ்சமாகப் போதுமோ அவ்வளவில் நிறுத்தத்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்கிற அளவுகளை மறந்தாலும் பரவாயில்லை, இடத்தில் நின்று யோசித்தே கண்டுபிடித்துவிடலாம்.

பவுடர்

பசைக்கு வெறும் சிமெண்ட் போடுவதில்லை. மூன்று பங்கு சிமெண்டுக்கு ஒரு பங்கு மார்பிள் பவுடர், எடைக்கணக்கில். சிமெண்ட் இறுகும்போது சுருங்கும். அதோடு மார்பிள் மாவைச் சேர்த்தால் சுருங்குகிற சரக்கின் அளவு குறையும், மேலே மயிரிழை மாதிரி வெடிப்பு விழாது. வெள்ளையும் வெளிர் நிறங்களும் வேண்டுமென்றால் வெள்ளை சிமெண்ட். சாதா சிமெண்ட் சாம்பல் நிறமாக இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள இரும்பு. வெள்ளை சிமெண்ட் செய்கிறவர்கள் இரும்பு மிகக் குறைவாக உள்ள சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் தேடி எடுக்கிறார்கள், விலை கூடுவதும் அதனால்தான். கறுப்பு, கரும்பச்சை, காவிச் சிவப்பு மாதிரி அடர்ந்த நிறம் போதுமென்றால் சாம்பல் சிமெண்டிலேயே வேலை முடிந்துவிடும், செலவு மிச்சம்.

நிறத்துக்கு ஆக்சைடு மட்டும். சிவப்பும் மஞ்சளும் இரும்பு ஆக்சைடு, பச்சை குரோமியம் ஆக்சைடு. கோலப்பொடிச் சாயத்தைக் கலந்து சாம்பிள் போட்டுக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்; அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும். சிமெண்டின் காரமும் வெயிலும் சேர்ந்து அதைத் தின்றுவிடும். ஆக்சைடும் சிமெண்ட் எடையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் போகக்கூடாது. அதற்கு மேல் போட்டால் நிறம் ஏறாது, பலம்தான் குறையும்.

சிமெண்ட், மார்பிள் பவுடர், ஆக்சைடு மூன்றையும் உலர்வாகவே கலந்து, சல்லடையில் இரண்டு மூன்று தடவை சலித்துவிடுங்கள். ஒரு அறைக்கு வேண்டிய மொத்தப் பவுடரையும் ஒரே மூச்சில் கலந்து, சாக்கில் கட்டி ஈரம் படாமல் வைத்துக்கொள்ள வேண்டும். காலையில் கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம் என்று கலந்தால் அறைக்கு நடுவில் நிறம் மாறும் கோடு தெரியும். அது பாலிஷில் போகாது.

சிப்ஸ்

சிப்ஸ் என்பது உடைத்த மார்பிள் துண்டு. கடைகளில் நம்பர் சொல்லி விற்பார்கள். நம்பரை விட்டுவிட்டு மில்லிமீட்டரில் கேளுங்கள். வீட்டுத் தரைக்கு 4 முதல் 7 மில்லி சிப்ஸ் நன்றாக அமரும், மேல்பூச்சு 9 மில்லியாவது கனம் வேண்டும். 7 முதல் 10 மில்லி போட்டால் கனம் 12 மில்லி. கல்லை விடப் பூச்சு மெல்லியதாக இருந்தால் தேய்க்கும்போது கல் பெயர்ந்து குழி விழும்.

பவுடருக்கும் சிப்ஸுக்கும் உள்ள கணக்கு கன அளவில். சின்ன சிப்ஸுக்கு 4 பங்கு பவுடர், 7 பங்கு சிப்ஸ். 7 முதல் 10 மில்லிக்கு 2 பங்கு பவுடர், 3 பங்கு சிப்ஸ். தரமான அளவுகளை ஐ.எஸ். 2114 என்ற இந்தியத் தரக்குறிப்பும் மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்புகளும் சொல்கின்றன. பழைய மேஸ்திரிகள் அந்தப் புத்தகங்களைப் பார்க்காமலே இந்தக் கணக்கில்தான் பாண்டால் அளந்து கொட்டினார்கள்.

சிப்ஸை வாங்கியதும் கழுவுங்கள். இதைச் செய்யாத ஆட்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். சாக்கில் வருகிற சிப்ஸின் மேல் கல்மாவு ஒட்டியிருக்கும். அது அப்படியே இருந்தால் சிமெண்ட் கல்லைப் பிடிக்காது, மாவைத்தான் பிடிக்கும். ஒரு கைப்பிடியைத் தண்ணீர் டம்ளரில் போட்டுப் பாருங்கள், தண்ணீர் மோராக மாறினால் அந்தச் சாக்கு முழுவதையும் அலச வேண்டும். அலசி, தண்ணீர் வடிந்து, மேலே ஈரப்பூச்சு மட்டும் இருக்கும் நிலையில் கலவைக்கு எடுங்கள்.

முதலில் ஒரு சாம்பிள்

அறையில் கை வைப்பதற்கு முன் ஓரடிக்கு ஓரடி ஒரு பலகை வார்த்துப் பாருங்கள். வீட்டுக்காரரே செய்து பார்க்கலாம். சமையலறைத் தராசில் 750 கிராம் வெள்ளை சிமெண்ட், 250 கிராம் மார்பிள் பவுடர் நிறுத்துக் கலந்தால் ஏறக்குறைய நான்கு காபி டம்ளர் வரும். அந்த டம்ளராலேயே ஏழு அளவு சிப்ஸ். முதலில் உலர்வாகப் புரட்டி, அப்புறம் தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்துப் பிசையுங்கள். பிடித்தால் கொழுக்கட்டை மாவு மாதிரி உருண்டு நிற்க வேண்டும், விரல் இடுக்கில் சிமெண்ட் பால் வழியக்கூடாது. வழிந்தால் தண்ணீர் கூடிப்போயிற்று என்று அர்த்தம். அதில் இன்னும் கொஞ்சம் பவுடரைப் போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், கணக்கு குலைந்துவிடும், புதிதாகக் கலந்துகொள்ளுங்கள்.

நான்கு பக்கமும் மரச்சட்டம் அடித்து, அடியில் பாலிதீன் தாள் விரித்து, கலவையை நிரப்பிக் கட்டையால் தட்டித் தட்டி அமுக்குங்கள். மேலே ஊறி வரும் பாலைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். ஒரு நாள் விட்டுச் சட்டத்தைக் கழற்றி, பலகையைத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு வாரம் மூழ்கவிடுங்கள். அப்புறம் கார்போரண்டம் என்ற சாணைக்கல்லால் தண்ணீர் விட்டுத் தேய்த்தால், அறை முழுக்க என்ன வரப்போகிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். காய்ந்ததை வைத்து முடிவு செய்யுங்கள்.

தரையில் இறங்கும்போது

அடித்தளம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எந்தக் கொத்தனாருக்கும் தெரிந்ததுதான். பழைய தரையைக் கொத்தி, கழுவி, நனைத்து, 1:2:4 கணக்கில் (சிமெண்ட், மணல், ஜல்லி) பொடி ஜல்லி கான்கிரீட் ஒன்றேகால் அங்குலம். அதன் முகத்தைச் சொரசொரப்பாக விட வேண்டும். இழைத்து வழவழப்பாக்கிவிட்டால் மேல்பூச்சு பிடிக்காது.

அதற்கு முன்பே தரையைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் பட்டைகளை நிறுத்தியிருக்க வேண்டும். நாலடிக்கு நாலடி கட்டம் போதும். எப்படிப் போனாலும் ஒரு கட்டம் 2 சதுர மீட்டருக்கு மேல் போகக்கூடாது. சிமெண்ட் சுருங்கத்தான் செய்யும். சுருங்குகிற கோட்டை நாம் காட்டிக்கொடுத்தால் அங்கே சுருங்கும், இல்லாவிட்டால் தனக்குப் பிடித்த இடத்தில் வெடிக்கும். நான் பரிந்துரைப்பது 4 மில்லி கண்ணாடிப் பட்டை. கண்ணாடிக் கடையில் கீறிக் கொடுப்பார்கள், தரையோடு சேர்ந்து தேயும், ஒன்றும் ஆகாது. பித்தளை அழகு, விலைதான் உறைக்கும். அலுமினியம் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தால் அதன் மேல் தார் பூசித்தான் வைக்க வேண்டும். பச்சைச் சிமெண்டின் காரம் அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் குமிழிகளைக் கிளப்பும். அந்தக் குமிழி பட்டை ஓரமாகவே வரிசையாகத் துளை போட்டுவிடும்.

அடிக் கான்கிரீட் போட்டு 18 முதல் 24 மணி நேரத்துக்குள் மேல்பூச்சு ஏற வேண்டும். அடி இறுகியிருக்கும், ஆனால் இன்னும் பச்சையாக இருக்கும். அந்தச் சமயத்தில் சிமெண்ட் பாலைத் துடைப்பத்தால் தேய்த்து, அது காய்வதற்குள் மொசைக் கலவையைப் போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். சம்பளம், சாமான் என்று தள்ளிப்போட்டு மூன்று நாள் கழித்து ஏற்றினால், பின்னால் நாணயத்தால் தட்டிப் பார்க்கும்போது வெற்றுச் சத்தம் கேட்கும். அப்படிச் சத்தம் கேட்கிற தரை என்றைக்காவது பெயரும்.

கலவையைப் பட்டை மட்டத்துக்கு மேலே கொஞ்சம் தூக்கலாகவே பரப்புங்கள். மணியாசுக்கட்டையால் (கொத்தனாரின் மட்டப்பலகை) தட்டி, அப்புறம் ரோலர். நல்ல கனமான ரோலர், முன்னும் பின்னும், குறுக்கும் நெடுக்கும். உருட்ட உருட்டக் கல்லெல்லாம் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு உட்காரும். நடுவில் இருந்த காற்றும் பாலும் மேலே வரும். அந்தப் பாலை வழித்து எடுத்து வெளியே போடுங்கள். எங்கேயாவது கல் தெரியாமல் வெறும் பசையாக இருந்தால் கொஞ்சம் சிப்ஸைத் தூவி மறுபடி உருட்டுங்கள். பழக்கப்பட்ட கண்ணுக்கு இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும், பரப்பில் பத்தில் ஏழு பங்காவது கல்லாக இருக்கிறதா என்று. இல்லையென்றால் இப்போதே சரிசெய்ய வேண்டும், நாளைக்கு முடியாது.

கரணையை எடுத்துத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குகிற கொத்தனாரைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். சாந்துப் பூச்சில் அது திறமை. இங்கே கரணை படப் படப் பசை மேலே வரும், கல் உள்ளே போகும். நாம் கஷ்டப்பட்டு விரட்டிய பசையை அவர் கூப்பிட்டு உட்காரவைக்கிறார் என்று அர்த்தம்.

அன்று இரவு அப்படியே விட்டுவிட்டு, 12 முதல் 18 மணி நேரம் கழித்துப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். நாலு நாளாவது நிற்க வேண்டும். சிமெண்ட் காய்வதால் இறுகுவதில்லை, தண்ணீரோடு வேதிமாற்றம் நடந்துதான் இறுகுகிறது. சித்திரை வெயிலில் ஜன்னலைத் திறந்து போட்டு ஒரு மத்தியானம் தண்ணீர் வற்றவிட்டால் போதும், முகம் முழுக்கச் சிலந்தி வலை வெடிப்பு.

தேய்ப்பு

மெஷின் இறக்க ஏழு நாள் பொறுக்க வேண்டும். முதல் கல் 60 நம்பர்; நம்பர் ஏற ஏறக் கல் நைசாகும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கணும். மெஷின் ஓடும்போது அடியில் வருகிற குழம்பைப் பார்த்தாலே தரையின் கதை தெரியும். கெட்டியாக, பாலேடு மாதிரி வந்தால் இன்னும் பசை தேய்கிறது. மணல் மணலாக, வெளுத்து வந்தால் கல்லின் உடம்பைத் தொட்டுவிட்டது. மெஷினின் சத்தமும் மாறும், மழுங்கலாக இருந்தது கிர்ரென்று ஏறும். அந்தச் சத்தம் அறை முழுக்க ஒரே மாதிரி வரும்வரை இந்தக் கல்தான்.

முதலில் சிப்ஸின் நுனி மட்டும் புள்ளி புள்ளியாகத் தெரியும். இறங்க இறங்க அதன் முகம் விரியும். நிறுத்த வேண்டிய இடம் கல்லின் அகலமான வயிற்றுப் பகுதி திறந்திருக்கும் இடம். அவசரக்காரர்கள் புள்ளியிலேயே நிறுத்திவிட்டு மெழுகு போட்டு ஓடிவிடுவார்கள். தரை பார்க்க வெளிறி, தூசி பிடித்த மாதிரியே இருக்கும். அந்த மாதிரி வீடுகளுக்கு இரண்டாம் முறை மெஷின் தூக்கிக்கொண்டு போவது எங்களுக்கு வாடிக்கையான வேலை. 60 நம்பர் கல்லை மறுபடி போட்டால் உள்ளே நல்ல கல் தூங்கிக்கொண்டிருக்கும்.

முதல் தேய்ப்பு முடிந்ததும் நன்றாகக் கழுவிவிட்டுக் குனிந்து பாருங்கள், ஊசி முனைத் துளைகள் நிறைய இருக்கும். எடுத்துவைத்த அதே பவுடரைத் தண்ணீரில் குழைத்து, சணல் சாக்கால் அழுத்தித் தேய்த்துத் துளைகளை அடையுங்கள். அதே பவுடர் என்று அழுத்திச் சொல்கிறேன். கடையில் புதிதாக வாங்கிய வெள்ளை சிமெண்டில் அடைத்தால் ஒவ்வொரு துளையும் அம்மைத் தழும்பாகத் தெரியும். நாலைந்து நாள் ஈரமாக வைத்து, 120 நம்பர் கல். மறுபடி துளை பார்த்து அடைப்பு. கடைசியில் 320. மூலைகளும் சுவரோரப் பட்டியும் மெஷினுக்கு எட்டாது, கைக்கல்தான். கூலி பேசும்போதே இதைச் சேர்த்துப் பேசிவிடுங்கள், பின்னால் தகராறு வேண்டாம்.

தேய்த்த குழம்பை வீட்டுச் சாக்கடையில் விடாதீர்கள். குழாய்க்குள் போய்ப் படிந்து இறுகிவிடும். வாளியில் தேக்கி, படிந்ததும் மேல் தண்ணீரை இறுத்துவிட்டு வண்டலை வெளியே கொட்டுங்கள்.

பாலிஷுக்கு ஆக்சாலிக் ஆசிட், சதுர மீட்டருக்கு 33 கிராம். பத்துக்குப் பத்து அடி அறைக்குச் சுமார் 300 கிராம் ஆகிறது. தூளைத் தூவி, தண்ணீர் தெளித்து, கம்பளித் துணி கட்டிய மெஷினால் தேய்த்தால் முகத்தில் பளபளப்பு ஏறும். இது விஷம், கையுறை போடாமல் தொடக்கூடாது, குழந்தைகளை அந்த அறைப் பக்கமே விடக்கூடாது. முடிந்ததும் கழுவித் துடைத்து, மறுநாள் மெழுகு மெல்லிசாக. மெழுகு கூடினால் வழுக்கும், பெரியவர்கள் இருக்கும் வீட்டில் நான் மெழுகே வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

வேலை முடிந்து பெயிண்டர் போனபின் "கறையெல்லாம் போகட்டும்" என்று யாராவது பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் எல்லாம் போச்சு. மார்பிளும் சுண்ணாம்பு, சிமெண்டும் சுண்ணாம்பு, ஆசிட் இரண்டையும் நுரைக்கவைத்துத் தின்னும்.

சமையல் மேடை என்று வந்தால்

இதே காரணத்தால்தான் மார்பிள் சிப்ஸ் மொசைக்கை அடுப்பு மேடைக்கு வேண்டாம் என்கிறேன். நம் சமையலில் புளி இருக்கிறது, எலுமிச்சை இருக்கிறது, தயிர் இருக்கிறது. புளிக்கரைசல் கிண்ணத்தை இரவு முழுக்க மேடையில் வைத்தால் காலையில் மங்கலாக ஒரு வட்டம் இருக்கும். துடைத்தால் போகாது, அது கறை இல்லை, கல் கரைந்த இடம்.

அங்கேதான் குவார்ட்ஸ் பலகை வருகிறது. குவார்ட்ஸ் என்பது சிலிக்கா, புளிக்கு அசையாது. அதைப் பிடிக்கும் பசையும் சிமெண்ட் இல்லை, பாலியெஸ்டர் ரெசின் என்ற பிளாஸ்டிக். இத்தாலியின் ட்ரெவிசோ மாகாணத்தில் 1963இல் மார்செல்லோ தோன்செல்லி தொடங்கிய பிரெத்தோன் நிறுவனம் இதற்கான இயந்திர முறையை உருவாக்கியது. இன்று விசாகப்பட்டினம் அருகிலும் அந்த இயந்திரங்கள் ஓடுகின்றன. குவார்ட்ஸைப் பொடியிலிருந்து குருணை வரை பல அளவில் உடைத்து, ரெசினும் நிறமியும் சேர்த்துக் கலந்து, அச்சில் பரப்புவார்கள். அப்புறம் காற்றை உறிஞ்சி எடுத்துக்கொண்டே அதிரவைத்து அழுத்துவார்கள். பின்னர் 80, 90 டிகிரி சூட்டில் ரெசின் இறுகும். ஆறியதும் கனம் சீராக்கித் தேய்ப்பு, பாலிஷ். நாங்கள் ரோலரும் சணல் சாக்கும் வைத்துச் செய்வதைத்தான் அங்கே வெற்றிட அறைக்குள் செய்கிறார்கள். காற்று இல்லாததால் துளை இல்லை, அடைப்பு வேலையும் இல்லை.

கடையில் "93 சதவீதம் கல் சார்" என்பார்கள். பொய் இல்லை, ஆனால் அது எடைக்கணக்கு. ரெசின் கல்லில் பாதி கனம்கூட இல்லை. எடையில் 7 சதவீதம் ரெசின் என்றால், இட அளவில் பலகையின் ஏழில் ஒரு பங்கு ரெசின். இது தெரிந்தால் அதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை நேரே வைக்காதீர்கள். கல் தாங்கும், ரெசின் கருகும். வெயில் நேராக அடிக்கும் பால்கனி மேடைக்கும் வேண்டாம், வெள்ளைப் பலகை மஞ்சளடிக்கும். கொரியன் (Corian) என்று கேட்பது இன்னொரு வகை. 1967இல் டூபான்ட் கம்பெனி கொண்டுவந்தது, அதில் குவார்ட்ஸே கிடையாது; அக்ரிலிக்கும் அலுமினியம் ஹைட்ராக்சைடு பொடியும்தான். ஒட்டுத் தெரியாது, கீறல் விழும், தேய்த்தால் கீறல் போகும்.

குவார்ட்ஸ் வாங்குகிறவர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். சிங்க் ஓட்டையும் அடுப்பு ஓட்டையும் வீட்டு வாசலில் உட்கார்ந்து உலர்வாக அறுக்க விடாதீர்கள். அந்தத் தூசியில் சிலிக்கா மிக அதிகம், நுரையீரலில் போய்ச் சிலிக்கோசிஸ் நோயைக் கொடுக்கும். அறுக்கும் தொழிலாளர்கள் இதனால் விழுந்ததைப் பார்த்துத்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தப் பலகைகளையே தடை செய்தது. நம் ஊரில் ஆள் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வெட்டுவார், துண்டு அந்தத் தூசியைத் தடுக்காது. பட்டறையிலேயே தண்ணீர் ஓடும் மெஷினில் அளவெடுத்து அறுத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். வீட்டில் கொஞ்சம் திருத்த வேண்டி வந்தால் கட்டர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கட்டும், அறுக்கிறவருக்கு என்95 முகக்கவசம் நீங்களே வாங்கிக் கொடுங்கள். காய்ந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், ஈரத்துணியால் வழித்து எடுங்கள்.